அப்பாவோட புண்ணுல டீ ட்ரீ ஆயில் போடலாமா?

கேள்வி: டாக்டர் மேடம், எங்கப்பாவுக்கு 68 வயசு, சுகர் இருக்கு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து தொடை எலும்பு உடைஞ்சு பிளேட் வச்சு ஆபரேஷன் பண்ணாங்க. மூணாவது வாரத்துல தையல் போட்ட இடம் சிவந்து நீர் மாதிரி வடிய ஆரம்பிச்சுது, கிருமியை வளர்த்துப் பாக்குற கல்ச்சர் டெஸ்ட்ல எம்.ஆர்.எஸ்.ஏ.னு, பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமின்னு வந்திருக்கு. யூரின் கல்ச்சர்ல கிளெப்சியெல்லான்னு இன்னொரு கிருமி பேர் போட்டு பக்கத்துல இருக்கிற மருந்து லிஸ்ட்ல முக்காவாசி ரெசிஸ்டன்ட்னு இருக்கு. யூரின் டியூப் இன்னும் எடுக்கல. ஆஸ்திரேலியாவுல இருக்கிற சித்தி பையன் டீ ட்ரீ ஆயில், அதான் அங்க இருக்கிற ஒரு மரத்தோட இலையில எடுக்கிற எண்ணெய், ரெண்டு பாட்டில் குடுத்தனுப்பி, ஆன்டிபயாடிக் கேக்காத கிருமியையே இது கொன்னுடும், ஆராய்ச்சியே இருக்குன்னு ஒரு வீடியோவும் அனுப்பியிருக்கான். டிரெஸ்ஸிங் மாத்தும்போது ரெண்டு சொட்டு புண்ணுல விடலாமா? நெபுலைசர்ல கலக்கலாமா? ரூம்ல டிஃப்யூசர் வைக்கலாமா? அம்மா வேற நீலகிரித் தைலத்தை கர்ச்சீப்ல நனைச்சு அப்பா தலைமாட்டுல வைக்கிறாங்க. பெரியம்மா, புல் தைலம் வாங்கி தண்ணியில கலந்து ரூமைத் துடைன்னு சொல்றாங்க. எது சரி, எது தப்பு?

பதில்: அன்புள்ள சகோதரி, கடைசி வரைக்கும் படிச்சாத்தான் விடை தெரியும்னு உங்களைக் காக்க வைக்க மாட்டேன், ஏன்னா நாளைக்குக் காலையிலயே டிரெஸ்ஸிங் மாத்துவாங்க. புண்ணுல விடாதீங்க. நெபுலைசர்ல கலக்கவே கலக்காதீங்க. ஆஸ்பத்திரி ரூம்ல டிஃப்யூசர் வேண்டாம். இனிமே ஏன்னு பேசுவோம்.

முதல்ல ஒண்ணு, உங்க தம்பி அனுப்பின வீடியோவுல இருக்கிறது பொய் இல்ல. நான் மைக்ரோபயாலஜி எம்.டி. படிச்சப்போ கிராம்பு எண்ணெயை வச்சு இதே சோதனையைப் பண்ணியிருக்கேன். வட்டத் தட்டுல அகார்ங்கிற கிருமி வளர்க்கிற ஜெல்லியை ஊத்தி, அது மேல கிருமியை ஒரே சீராத் தடவி, எண்ணெய்ல நனைச்ச சின்ன காகிதப் பொட்டை நடுவுல வச்சு ராத்திரி முழுக்க இன்குபேட்டர்ல விட்டா, காலைல எடுத்துப் பாக்கும்போது தட்டு பூரா பால் ஆடை மாதிரி கிருமி படர்ந்திருக்கும், பொட்டைச் சுத்தி மட்டும் சுத்தமா ஒரு வட்டம் தெரியும். எனக்கு வந்த வட்டம் பக்கத்துல இருந்த ஆன்டிபயாடிக் வட்டத்தை விடப் பெருசு. அவ்ளோ சந்தோஷத்தோட தட்டைத் தூக்கிட்டு எங்க பேராசிரியர்கிட்ட ஓடினேன். அவர் ரொம்ப நேரம் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "சரிம்மா, இதே அளவு எண்ணெயை பேஷன்ட் ரத்தத்துல ஏத்துவியா?" இருபது வருஷமா ஆஸ்பத்திரி தொற்றுக் கட்டுப்பாட்டு வேலையில இருக்கேன், எண்ணெய் பத்தி யார் கேட்டாலும் அந்தக் கேள்விதான் முதல்ல ஞாபகம் வரும்.

எண்ணெய் எப்படிக் கொல்லுதுன்னு கேட்டீங்கன்னா, அதுல இருக்கிற சரக்கு எல்லாமே கொழுப்புல கரையிற ஜாதி. டீ ட்ரீ எண்ணெய்ல டெர்பினென்-4-ஆல், கிராம்புல யூஜெனால், நம்ம ஓமத்துல தைமால், பட்டையில சின்னமால்டிஹைட். பாக்டீரியாவைச் சுத்தியிருக்கிற சவ்வும் கொழுப்புதான், அதுக்குள்ள இதெல்லாம் போய் உக்காந்தா சவ்வு இளகி ஓட்டை விழுந்து உள்ள இருக்கிற பொட்டாசியம் எல்லாம் கசிஞ்சு கிருமி செத்துடும். ஆனா நம்ம செல்லுக்கும் சுத்தி இருக்கிறது கொழுப்புச் சவ்வுதானே. கிருமியோட சவ்வு எது, அப்பாவோட புண்ணுல புதுசா வளர்ற தோலோட சவ்வு எதுன்னு எண்ணெய்க்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. ஆன்டிபயாடிக்கோட மகிமையே அந்த பேதம் பாக்கறதுலதான் இருக்கு. பெனிசிலின் குடும்பம் பாக்டீரியாவோட செல் சுவரைக் கட்ட விடாம தடுக்குது, நமக்கு அந்தச் சுவரே கிடையாது, அதனாலதான் அலர்ஜி இல்லாத ஆளுக்கு அதை ஊசியிலயே தைரியமா போட முடியுது.

அடுத்து, "ஆன்டிபயாடிக்கே கேக்காத சூப்பர்பக்கையே கொன்னுடுச்சு"ங்கிற வரி. படிக்கிறவங்க எல்லாரையும் அசத்துறது இந்த வரிதான், உங்க தம்பியையும் அதுதான் அசத்தியிருக்கும். எம்.ஆர்.எஸ்.ஏ. ஒண்ணும் இரும்புல செஞ்ச கிருமி இல்ல. நம்ம மூக்குலயும் தோல்லயும் சாதாரணமா குடியிருக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ்தான், மெத்திசிலின் வகை மருந்து எந்தப் புரதத்தைப் பிடிக்குமோ அதுக்கு பதிலா அந்த மருந்துக்குப் பிடி குடுக்காத இன்னொரு புரதத்தைச் செஞ்சு வச்சிருக்கு, அவ்ளோதான். யூரின்ல வந்திருக்கிற கிளெப்சியெல்லா கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான், அது மருந்தை வெட்டிப் போடுற நொதிகளைச் செய்யுது. அதுல பேர் போனது என்.டி.எம்.-1. 2008ல ஸ்வீடன்ல ஒரு பேஷன்ட்கிட்ட முதல்ல கண்டுபிடிச்சாங்க, அவர் அதுக்கு முன்னாடி டெல்லியில ஆஸ்பத்திரியில இருந்தவர். 2010ல லான்செட் குழுமத்தோட தொற்றுநோய் இதழ்ல இது எவ்ளோ பரவியிருக்குன்னு வந்த கட்டுரைக்கு முதல் ஆசிரியரே சென்னைப் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி, சென்னையில எடுத்த கிருமிகளும் அதுல உண்டு. அந்த நொதி வெட்டுறது பெனிசிலின், மெரோபெனம் மாதிரி மருந்துகள்ல இருக்கிற பீட்டா-லாக்டம்ங்கிற வளையத்தை. எண்ணெய்ல அந்த வளையமே இல்ல, அப்புறம் எதை வெட்டும்? அதனால எண்ணெய்க்கு அது சூப்பர்பக் கிடையாது, சாதாரண கிருமிதான். பிளீச்சிங் பவுடருக்கும் அப்படித்தான், ஸ்பிரிட்டுக்கும் அப்படித்தான், கொதிக்கிற தண்ணிக்கும் அப்படித்தான். ஒரு உடம்புக்கு வெளிய எம்.ஆர்.எஸ்.ஏ.வைக் கொல்றது எங்களுக்கு என்னைக்குமே கஷ்டமா இருந்ததில்ல, பேஷன்ட்டுக்கு சேதம் இல்லாம உள்ள வச்சுக் கொல்றதுதான் கஷ்டம்.

இப்போ அளவுக்கு வருவோம், இதை எந்த வீடியோவும் சொல்றதில்ல. எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு வான்கோமைசின்னு ஒரு மருந்து குடுப்போம், ஒரு மில்லியில 2 மைக்ரோகிராமோ அதுக்கும் கம்மியாவோ இருந்தாலே கிருமி வளர்றது நின்னா அந்த மருந்து கேக்குதுன்னு ரிப்போர்ட்ல போடுவோம். டீ ட்ரீ எண்ணெய்க்கு அதே கிருமியை நிறுத்த 0.25 சதவீதம், சில சமயம் 0.5 சதவீதம் வேணும். சதவீதத்துல எழுதும்போது சின்ன நம்பரா தெரியுது பாருங்க, அதுதான் ஏமாத்துது. 0.25 சதவீதத்தை மைக்ரோகிராமா மாத்தினா ஒரு மில்லிக்கு 2,000ஐத் தாண்டும். அதாவது ஆயிரம் மடங்கு. அப்பா உடம்புல ஒரு அஞ்சு லிட்டர் ரத்தம்னு வச்சுக்கோங்க, அதுல அந்த அளவு வரணும்னா 12 மில்லிக்கு மேல சுத்தமான எண்ணெயை நேரா ரத்தத்துல கலக்கணும், அப்படி ஒரு காரியத்தை யாரும் கனவுல கூட பண்ண முடியாது. ஐசியூல எங்களை ரொம்பப் படுத்துற சூடோமோனாஸ்ங்கிற கிருமிக்கு இதுவும் பத்தாது, 1லிருந்து 8 சதவீதம் வரைக்கும் கேக்கும், வெளிப்பக்கம் கூடுதலா ஒரு சவ்வு இருக்கு, உள்ள வந்ததை வெளிய தள்ளுற பம்பும் வச்சிருக்கு.

சரி மேடம், ரத்தத்துல வேண்டாம், தோல் மேல? நியாயமான கேள்வி, இதை மனுஷங்க மேலயே சோதிச்சுப் பாத்திருக்காங்க, அதனால நானும் கண்ணை மூடிட்டு மறுக்கல. 2004ல இங்கிலாந்துல வந்த ஒரு ஆய்வுல, மூக்குலயும் தோல்லயும் எம்.ஆர்.எஸ்.ஏ. ஒட்டியிருந்த 236 பேஷன்ட்டை ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கத்துக்கு வழக்கமான முபிரோசின் மூக்குக் களிம்பும் குளோர்ஹெக்சிடின் சோப்பும் சில்வர் சல்ஃபாடயசின் கிரீமும், இன்னொரு பக்கத்துக்கு 10 சதவீத டீ ட்ரீ கிரீமும் 5 சதவீத பாடி வாஷும் குடுத்தாங்க. வழக்கமான மருந்துல 49 சதவீதம் பேருக்குக் கிருமி போச்சு, டீ ட்ரீயில 41 சதவீதம், பெரிய வித்தியாசம்னு சொல்ல முடியாது. மூக்கை மட்டும் எடுத்துப் பாத்தா முபிரோசின் 78, டீ ட்ரீ 47, அங்க தோத்துடுச்சு. தோல்ல இருந்த கிருமிக்கு டீ ட்ரீ கொஞ்சம் மேலயே இருந்துது. ஒரு செடியோட எண்ணெய்க்கு இது நிஜமாவே மரியாதையான ரிசல்ட், நான் அதைக் குறைச்சு சொல்ல மாட்டேன். ஆனா அப்புறம் வட அயர்லாந்துல ஐசியூ பேஷன்ட்டுகளை தினமும் 5 சதவீத டீ ட்ரீ வாஷால துடைச்சா புதுசா எம்.ஆர்.எஸ்.ஏ. ஒட்டாம தடுக்குமான்னு பாத்தாங்க, 391 பேரோட கணக்கு 2013ல வந்துது, சாதாரண வாஷ்ல 11.2 சதவீதம் பேருக்கு ஒட்டுச்சு, டீ ட்ரீல 8.7. எண்ணெயாலதான் குறைஞ்சுதுன்னு சொல்ற அளவுக்கு அந்த இடைவெளி போதல, அதனால எல்லாருக்கும் போடலாம்னு அவங்களும் சொல்லல. இன்னொண்ணு கவனிங்க, ரெண்டு ஆய்வுலயும் ஆராய்ச்சிக்குன்னு அளவு பாத்து செஞ்ச கிரீமும் வாஷும்தான், பாட்டிலைத் திறந்து அப்படியே ஊத்தல. ரெண்டும் கிருமி ஒட்டியிருக்கிறதைப் பத்தினது, ஆழமான புண்ணுக்கு வைத்தியம் பாத்த ஆய்வு இல்ல.

உங்கப்பாவோடது கிருமி சும்மா தோல் மேல ஒட்டியிருக்கிற கேஸ் இல்லம்மா, புண்ணுல தொற்றாவே ஆகியிருக்கு. உள்ள எஃகோ டைட்டானியமோ ஒரு பிளேட் இருக்கு, அது மேல எம்.ஆர்.எஸ்.ஏ. போய் உக்காந்தா பயோஃபிலிம்னு ஒரு பசை மாதிரி போர்வை கட்டிக்கும், குளத்துப் படிக்கட்டுல பாசி பிடிக்கிற மாதிரி. அதுக்குள்ள ஊசி மருந்தே நுழைய திணறும். மேல இருந்து விடுற ரெண்டு சொட்டு எண்ணெய் அங்க வரைக்கும் போகவே போகாது, மேல் தோலை எரிச்சு சிவக்க வச்சுட்டு நின்னுடும், அதுக்கப்புறம் இந்தச் சிவப்பு தொற்றாலயா எண்ணெயாலயான்னு டாக்டருக்கே குழம்பிடும். பழைய பாட்டிலா இருந்தா இன்னும் மோசம், காத்தும் வெளிச்சமும் பட்டு டீ ட்ரீ எண்ணெய் ஆக்சிடைஸ் ஆனா தோல் அலர்ஜி வர வாய்ப்பு அதிகம். அதனால ஆர்த்தோ டாக்டர்கிட்ட நீங்க கேக்க வேண்டிய கேள்வி எண்ணெய் பத்தினது இல்ல, "சார், தொற்று மேல தோலோட நிக்குதா, பிளேட் வரைக்கும் போயிருக்கா, திறந்து கழுவணுமா?"ன்னு நேரா கேளுங்க. கழுவணும்னு சொன்னா பயந்து தள்ளிப்போடாதீங்க, இந்த விஷயத்துல ஒவ்வொரு வாரமும் முக்கியம். கழுவும்போது ஆழத்துலேர்ந்து நாலஞ்சு இடத்துல திசு எடுத்து கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்க, மேலாப்புல பஞ்சு வச்சு எடுக்கிற ஸ்வாப்ல வெறும் தோல்ல இருக்கிற கிருமியே கூட வரலாம். சுகர் கட்டுல இருக்கான்னு தினமும் கேளுங்க, அது ஏறிக்கிட்டே இருந்தா எந்த மருந்து போட்டாலும் புண்ணு ஆற மாட்டேங்கும்.

யூரின் டியூப் பத்தி நீங்க ஒரே வரியில எழுதிட்டுப் போயிட்டீங்க, எனக்கு உங்க லெட்டர்லயே அதுதான் பெரிய விஷயமா பட்டுது. டியூப் உள்ள இருக்கிற ஒவ்வொரு நாளும் யூரின்ல கிருமி சேர்றதுக்கான வாய்ப்பு 3லேர்ந்து 7 சதவீதம் கூடிக்கிட்டே போகும், ஒரு மாசம் கிடந்தா கிட்டத்தட்ட எல்லாருக்குமே வந்துடும். காய்ச்சல் இல்ல, அடிவயித்து வலி இல்ல, மனுஷன் தெளிவா இருக்காருன்னா ரிப்போர்ட்ல கிளெப்சியெல்லான்னு வந்தாலே மருந்து குடுக்கணும்னு இல்ல, அனாவசியமா குடுத்தா இன்னும் கெட்டியான கிருமிதான் மிச்சமாகும். இதை முடிவு பண்ண வேண்டியவர் அவரைக் கையால தொட்டுப் பாக்குற டாக்டர்தான், நான் இங்க உக்காந்து சொல்ல முடியாது. ஆனா ரவுண்ட்ஸ் வரும்போது தினமும் "இன்னைக்கு டியூப் எடுத்துடலாமா சார்?"னு கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு, கேளுங்க, தொந்தரவுன்னு நினைக்காதீங்க. பல தடவை அது மறந்துபோய்த்தான் உள்ள கிடக்கும். பை எப்பவும் இடுப்புக்குக் கீழ தொங்கணும், தரையில படக்கூடாது, ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போகும்போது பையைத் தூக்கி வயித்து மேல வைப்பாங்க, அப்போ உள்ள இருக்கிறது திரும்பி மேல ஓடும், உடனே கீழ இறக்கச் சொல்லுங்க. டியூப் மேல எந்த எண்ணெயும் தடவாதீங்க, லேட்டக்ஸ் டியூபும் கிளவுஸும் எண்ணெய் பட்டா இளகிப் போகும்.

நெபுலைசர் விஷயத்துக்கு இவ்ளோ விளக்கம்கூட தேவையில்ல. எண்ணெய்த் துளி நுரையீரல்ல போய்ப் படிஞ்சா மூச்சுக்குழாய் சுருங்கும், உள்ள வீங்கி நிமோனியா மாதிரியே வரலாம், படுத்த படுக்கையா இருக்கிற 68 வயசுக்காரருக்கு அது வேண்டவே வேண்டாம். ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தா அது பக்கத்துல எண்ணெய் ஆகாது, ஆக்சிஜன் இருக்கிற இடத்துல தீ ரொம்ப சுலபமா பிடிக்கும். டிஃப்யூசரும் அதே காரணத்துக்காகத்தான் வேண்டாம்னேன், பக்கத்து பெட்ல யாருக்காவது ஆஸ்துமா இருந்தா அவங்க பாடு திண்டாட்டம்.

அம்மாவோட நீலகிரித் தைலத்துக்கு வரேன். அதுல பெரும்பங்கு சினியோல்ங்கிற சரக்கு. மூக்கைத் திறந்த மாதிரி ஒரு சுகம் குடுக்கும், கிருமியைக் கொல்ற வேலையில டீ ட்ரீ, கிராம்பு, ஓமம் பக்கத்துலகூட அது வராது. கர்ச்சீப்ல ரெண்டு சொட்டு விட்டு ஒரு முழம் தள்ளி வச்சா, அப்பாவுக்கு இருமல் வரல, மாஸ்க் இல்லன்னா, நான் தடுக்க மாட்டேன், அந்த ஆஸ்பத்திரி வாடைக்கு நடுவுல அவருக்கு அது வீட்டு வாசனை. ஆனா பாட்டிலை மாத்திரை டப்பா பக்கத்துல வைக்காதீங்க, பேரப் பிள்ளைங்க கைக்கு எட்டுற மாதிரியும் வைக்காதீங்க. நீலகிரித் தைலம், கற்பூரம் ரெண்டையும் குழந்தைங்க கொஞ்சம் குடிச்சாலே ஃபிட்ஸ் வரும்.

பெரியம்மா சொன்ன துடைக்கிற யோசனையில எனக்கு சம்மதம் இல்ல. 1997ல ஒரு ஆராய்ச்சி வந்துது, புல் தைலத்துல இல்ல, பைன் மர எண்ணெய்ல. அந்தப் பைன் எண்ணெய்க்குப் பழகிப்போன ஈ.கோலை கிருமியை எடுத்துப் பாத்தா அதுக்கு டெட்ராசைக்ளின், ஆம்பிசிலின், குளோராம்ஃபெனிகால்னு பல ஆன்டிபயாடிக்கும் சரியா கேக்கல. அந்த எண்ணெயை வெளிய தள்ள கிருமி தூண்டிவிட்ட அதே பம்பு மருந்தையும் சேத்து வெளிய தள்ளியிருக்கு. நம்ம வெள்ளை பினாயில்லயும் பைன் எண்ணெய் போடுவாங்க. அது ஆய்வகத்துல பாத்தது, உங்க வீட்டுத் தரையில அப்படி நடந்துடும்னு நான் பயமுறுத்தல, ஆனா கொல்றதுக்குப் பத்தாத அளவுல எதையோ கலந்து ஆஸ்பத்திரி ரூமைத் துடைக்கிறது கிருமிக்குப் பயிற்சி குடுக்கிற மாதிரி ஆயிடக்கூடாது. தரையை விட கை படுற இடம்தான் முக்கியம், கட்டில் கம்பி, சாப்பாட்டு டேபிள், சுவிட்ச், கதவுக் கைப்பிடி. அதையெல்லாம் ஆஸ்பத்திரி குடுக்கிற ஹைப்போகுளோரைட்டோ (பிளீச்சிங் திரவம்) ஸ்பிரிட்டோ வச்சுத் துடைக்கச் சொல்லிக் கேளுங்க, உங்க செல்போனை ஸ்பிரிட் வைப்ஸ்ல தினமும் நீங்களே துடைங்க.

கையைப் பத்தி சொல்லாம என்னால விட முடியாது. 1847ல வியன்னாவுல செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர், பிரசவ வார்டுக்குள்ள வர்றவங்க எல்லாம் குளோரின் கலந்த தண்ணியில கை கழுவணும்னு கட்டாயப்படுத்தினார், தாய்மார் சாவு மளமளன்னு குறைஞ்சுது. இன்னைக்கும் எம்.ஆர்.எஸ்.ஏ. ஒரு பெட்லேர்ந்து இன்னொரு பெட்டுக்குப் போற வாகனம் பெரும்பாலும் கைதான், டாக்டர் கை, நர்ஸ் கை, அட்டெண்டர் கை, உங்க கையும்தான். பெட் பக்கத்துல ஹேண்ட் ரப் பாட்டில் இருக்கும், உள்ளங்கை நிறைய எடுத்து விரல் இடுக்கு, கட்டை விரல், நகக்கண் எல்லாம் படுற மாதிரி 20லேர்ந்து 30 வினாடி தேய்ங்க, அப்பாவைத் தொடுறதுக்கு முன்னாடியும் தொட்டதுக்கு அப்புறமும், யூரின் பையைத் தொட்டா கட்டாயம். டிரெஸ்ஸிங் மாத்த வர்ற தங்கச்சிகிட்ட "சிஸ்டர், ஹேண்ட் ரப் இந்தாங்க"ன்னு பாட்டிலை நீங்களே நீட்டுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, நாங்களே எங்க ஸ்டாஃப்கிட்ட பேஷன்ட் வீட்டுக்காரங்க கேட்டா நன்றி சொல்லுங்கன்னுதான் சொல்லிக் குடுக்கிறோம். பாக்க வர்ற சொந்தக்காரங்க பெட்ல உக்கார வேண்டாம்னு சொல்லிடுங்க, விபூதி வைக்கிறவங்க வைக்கட்டும், நெத்தியோட நிறுத்திக்கட்டும்.

தம்பி அன்பா அனுப்பின பாட்டில் ரெண்டையும் தூக்கிப் போடாதீங்க, இருட்டான அலமாரியில மூடி இறுக்கி வைங்க. அதை வாய்வழியா மட்டும் யாரும் எடுத்துக்கக் கூடாது, குடிச்சா மயக்கம் வரைக்கும் கொண்டுபோய் விடும். அப்பா வீட்டுக்கு வந்து புண்ணு முழுசா ஆறினப்புறம், தோல்ல இன்னும் எம்.ஆர்.எஸ்.ஏ. ஒட்டியிருக்குன்னு டாக்டர் சொன்னா, அப்போ முபிரோசின், குளோர்ஹெக்சிடின் ஒத்துக்காத பட்சத்துல டீ ட்ரீ வாஷ் ஒண்ணு இருக்கே, பாக்கலாமான்னு அவர்கிட்டயே கேட்டுப் பாருங்க. இப்போதைக்கு ரெண்டு கல்ச்சர் ரிப்போர்ட்டையும் ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல வைங்க, நாளைக்கு வேற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தா அட்மிஷன் போடும்போதே அதை முதல்ல காட்டுங்க. ஆர்த்தோ டாக்டர் பிளேட் பத்தி என்ன சொன்னார், டியூப் எப்போ எடுத்தாங்கன்னு எனக்கு எழுதுங்க, காத்திருக்கேன்.